காலாண்டு லீவும் கொசுக் கணக்கும்

மழை பெஞ்சாத்தான் கொசு வரும்னு நம்மில் பலரும் நினைக்கிறோம். சேலம், நாமக்கல் பக்கத்துக் கதையே வேற. இங்க மழை பெய்யலைன்னாலும் கொசு வரும் மக்களே!

2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசே அறிவிச்சது. அதே 2017-லதான் டெங்குவும் ஆட்டி வெச்சது. அரசுக் கணக்குப்படியே 23 ஆயிரம் பேருக்கு மேல பாதிப்பு, 65 சாவு. அதிகமா அடிபட்ட மாவட்டங்கள்ல சேலமும் ஒண்ணு.

வறட்சிக்கும் டெங்குவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. குழாய்ல தினமும் தண்ணி வராத ஊர்ல டிரம், தொட்டி, அண்டான்னு பிடிச்சு வைக்கிறோம் இல்லையா? ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். சாக்கடையை விட இந்த மாதிரி தேங்கின நல்ல தண்ணிதான் அதுக்குப் பிடிக்கும். தண்ணி வத்தினாலும் தொட்டிச் சுவத்துல ஒட்டின முட்டை மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர்ல சாயங்கால இடிமழை வந்து தண்ணி ஏறினதும் பொரிஞ்சிடும். கோடை வெயிலும் தணிஞ்சு 30 டிகிரி பக்கம் நிக்கிற நேரம் அது. டெங்கு பரவ அந்தச் சூடுதான் ரொம்பத் தோது.

இப்ப பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு. அது ரொம்ப தூரமும் பறக்காது, சில நூறு மீட்டர்தான். அதனால வகுப்புல பிள்ளையைக் கடிக்கிற கொசு பெரும்பாலும் அந்த வளாகத்துலயோ பக்கத்துத் தெருவுலயோ பொறந்ததுதான். மொட்டை மாடித் தொட்டி, கழிப்பறை வாளி, உடைஞ்ச பெஞ்சுக்குப் பின்னாடி கிடக்கிற பிளாஸ்டிக் டப்பா. நாமக்கல் மாதிரி லாரி ஊர்ல பழைய டயருக்குச் சொல்லவே வேணாம்.

என் ஆதங்கமே காலாண்டு லீவுதான். செப்டம்பர் கடைசியில ஒரு வாரம், பத்து நாள் பள்ளிக்கூடத்தைப் பூட்டுறாங்க. முட்டை பொரிஞ்சு கொசுவா பறக்கவும் கிட்டத்தட்ட அதே ஏழு முதல் பத்து நாள்! மழையும் பெய்யுது, தொட்டியைத் தொடவும் ஆளில்லை. பிள்ளைங்க திரும்பி வர்றப்போ கொசு ரெடியா நிக்குது.

அதுக்கப்புறம் புகை அடிச்சு என்ன பிரயோஜனம்? அது பறக்கிறதைத்தான் கொல்லும், தண்ணியில நெளியிற புழுவை ஒண்ணும் செய்யாது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாலும் தொட்டி தொட்டியாவேதான் இருக்கும்.

நான் கேட்கிறது ரெண்டே விஷயம். லீவு விடுற அன்னைக்கு எல்லாத்தையும் கவுத்து, தொட்டிச் சுவத்தைத் தேய்ச்சுக் கழுவி இறுக்கி மூடணும். லீவுக்கு நடுவுல ஒரு நாள் வாட்ச்மேனோ சுகாதாரப் பணியாளரோ ஒரு சுத்து சுத்தி வரணும். பிள்ளைங்களைத் தொட்டி மேல ஏத்தி இந்த வேலையை வாங்கக் கூடாது. இதுக்குப் பெரிய நிதி எதுவும் வேணாம், ஒரு பிரஷ்ஷும் ஒரு பொறுப்பான ஆளும் போதும்.

பதிவர்கள்ல ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கீங்க. உங்க பள்ளியில லீவு நாள்ல தொட்டியை யார் பார்க்கிறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.