தொழிற்சாலைத் தேவை மட்டும் வெள்ளியைத் தூக்கி நிறுத்தாது

சூரிய மின்தகடு, மின்வாகனம், மின்னணுச் சாதனம் என எல்லாவற்றுக்கும் வெள்ளி வேண்டும். சுரங்கத்திலிருந்து வருவதோ போதவில்லை. ஆகவே வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து, இருபது ஆண்டு காத்திருந்தால் விலை ஏறியே தீரும் என்கிறார்கள். இதன் முற்பாதி உண்மை. உலகின் ஆண்டுத் தேவையில் பாதிக்கு மேல் இன்று தொழிற்சாலைகளுடையது. 2021 முதல் ஆண்டுதோறும் வரத்தைவிடத் தேவை அதிகம். ஆனால் அதிலிருந்து பிற்பாதி தானாக வந்துவிடாது.

பற்றாக்குறை புதிதல்ல. 1990-களிலும் ஆண்டுக்காண்டு அது இருந்தது. விலை பெரும்பாலும் அவுன்ஸுக்கு 4 முதல் 6 டாலருக்குள்ளேயே உழன்றது. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம் இதே கணக்கை நம்பித்தான் சுமார் 13 கோடி அவுன்ஸ் வாங்கியது. 1998 பிப்ரவரியில் அந்தச் செய்தி வெளியானபோது 7 டாலர் அளவில் இருந்த விலை, 2001-இல் 4 டாலருக்கு அருகே இறங்கியது. பற்றாக்குறை என்பது ஓராண்டின் வரவு செலவு மட்டுமே. முன்பே தோண்டியெடுத்த வெள்ளி பெட்டகங்களிலும் வீடுகளிலும் ஏராளமாகக் கிடக்கிறது. விலை ஏறினால் அது வெளியே வரும். 1980-இல் விலை 50 டாலரை நெருங்கியபோது அமெரிக்கக் குடும்பங்கள் வெள்ளிக் கரண்டிகளையும் தட்டுகளையும் உருக்கக் கொடுத்தன.

சூரிய மின்சாரம் பெருகப் பெருக வெள்ளியும் அதே அளவில் தேவைப்படும் என்பது அடுத்த வாதம். 1999-இல் புகைப்படச் சுருளைப் பற்றியும் இப்படிச் சொல்லியிருக்கலாம். அன்று மொத்தத் தேவையில் ஏறக்குறைய கால் பங்கு அதற்கே போனது. டிஜிட்டல் கேமரா வந்தபின் இன்று அது 2 சதவீத அளவுதான். மின்தகட்டில், வெள்ளித்தூள் கலந்த பசையைச் செல்லின் மேல் மயிரிழைக் கோடுகளாக அச்சிடுகிறார்கள். கோடு மெலிந்தால் செலவும் குறையும், செல்லின் மேல் விழும் நிழலும் குறையும். அதனால் 2009-இல் ஒரு செல்லுக்கு அரை கிராம் அளவில் இருந்த வெள்ளி, பத்தே ஆண்டில் 0.1 கிராம் அளவுக்கு இறங்கியது. புதிய டாப்கான் செல்கள் முந்தைய வகையைவிடக் கூடுதல் வெள்ளி கேட்கின்றன என்பது நியாயமான மறுப்பு. ஆனால் விலை ஏறும் ஒவ்வொரு முறையும், வெள்ளி பூசிய தாமிரப் பசைக்கும் வெறும் தாமிரத்துக்கும் மாற உற்பத்தியாளருக்குக் காரணம் கூடுகிறது. முதலீட்டாளர் நம்பியிருக்கும் வாடிக்கையாளர், அந்தப் பொருளை எப்படிக் குறைப்பது என்று நாள்தோறும் ஆராய்ச்சி செய்பவர்!

வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், தாமிரம், தங்கச் சுரங்கங்களின் உபவிளைபொருள். ஆகவே நினைத்தவுடன் உற்பத்தியைக் கூட்ட முடியாது என்பார்கள். சரிதான். அதே காரணத்தால், வெள்ளி விலை விழுந்தாலும் தாமிரத்துக்காக அந்தச் சுரங்கம் ஓடிக்கொண்டே இருக்கும், வரத்து குறையாது. ஆலைகள் மந்தமாகும்போது அடி பலமாக விழும். 2008 மார்ச்சில் 20 டாலரைத் தாண்டிய வெள்ளி, அக்டோபரில் 9 டாலருக்கும் கீழே போனது. தங்கம் அந்த அளவுக்குச் சரியவில்லை.

2025-இன் ஏற்றமே போதிய சான்று இல்லையா என்று கேட்கலாம். அந்த மாதங்களில் ஆலைகள் திடீரென்று இரு மடங்கு வாங்கிவிடவில்லை. பங்குச் சந்தையில் விற்கும் வெள்ளி நிதிகளான ஈடிஎஃப்களில் முதலீட்டுப் பணம் குவிந்தது. வந்த வேகத்திலேயே திரும்பிப் போகக்கூடிய பணம் அது. 2011 ஏப்ரலில் 50 டாலரை ஒட்டி வந்த விலை, 2025 அக்டோபரில்தான் அதைத் தாண்டியது. இடையில் டாலர் 44 ரூபாயிலிருந்து 88 ரூபாயானது. அதாவது, அந்த உச்சத்தில் வாங்கிய நம்மூர்க்காரருக்கு, இறக்குமதி வரியை விட்டுப் பார்த்தால், பணம் இரட்டித்தது ரூபாய் தேய்ந்ததால்தான். ஆண்டுக்கு 5 சதவீத அளவு, வங்கி வைப்புநிதியைவிடக் குறைவு. உச்சத்தில் வாங்கியவரை எடுத்துக்கொள்வது நியாயமா என்றால், அதே 2011 ஏப்ரலுக்கும் 2025 அக்டோபருக்கும் இடையே தங்கம் சுமார் 1,500 டாலரிலிருந்து 4,000 டாலரைத் தாண்டியது. தங்கத்தின் தேவையில் தொழிற்சாலைகளின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை.