கார்டுக்கு 2000, ஊருக்கு எவ்வளவு?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அரசு ரேஷன் கார்டுக்கு 2000 ரூபாய் கொடுத்தது. செத்துப்போன ஆட்டுக்கு 4000, கோழிக்குக்கூட 100 ரூபாய் அறிவித்தார்கள். இதை நான் குறை சொல்லவில்லை. அடுப்பே கரைந்துபோன வீட்டுக்கு 2000 பெரிய காசுதான்.

ஆனால் தண்ணி வடிந்த பிறகுதானே காய்ச்சலும் வாந்தி பேதியும் வரும்? கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, டேங்க் நிறையாது. அப்போது மக்கள் முதலில் போய்க் கேட்பது ஊராட்சி ஆபீசில்தான். ஜெனரேட்டர் வாடகை, டீசல், பிளீச்சிங் பவுடர் எல்லாத்துக்கும் அன்றைக்கே பணம் வேணும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் போடுகின்றன. அது ஊருக்கு வந்து சேருவதற்குள் காய்ச்சல் வந்துவிடும்.

அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சிக்கும் இதற்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்பது என் கருத்து. "பணத்தை முன்னாடியே குடுத்தா சுருட்டிடுவாங்க" என்று சிலர் சொல்வார்கள். அதுக்குத்தான் கிராம சபை இருக்கே! மழைக்காலம் முடிந்ததும் ஜனவரி 26 கூட்டத்தில், எத்தனை மூட்டை பவுடர், எத்தனை லிட்டர் டீசல் என்று மைக்கில் சத்தமாகப் படிக்கட்டும். எங்க தெருப் பாட்டிங்க முன்னாடி பொய்க்கணக்கு படிக்க யாருக்குத் தைரியம் வரும்?

- 9-ஆம் வகுப்பு மாணவி