செத்தவர்கள் மேல் எதற்குப் பழி?

கோடை முகாமில் கொலை என்றாலே அமெரிக்கர்களிடம் ஒரு ரெடிமேட் ஃபார்முலா உண்டு. 1980-ல் வந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' படம்தான் அதைப் பிரபலமாக்கியது. முகாம் வேலைக்கு வந்த இளவட்டங்கள் கஞ்சா அடிப்பார்கள், ஜோடியாக ஒதுங்குவார்கள், பின்னாலேயே கத்தி வரும். ஆட்டம் போட்டால் சாவுதான் என்று மறைமுகமாக ஒரு உபதேசம்!

சினிமாதானே என்று விட்டுவிட முடியாது. "ராத்திரி நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று நிஜச் சாவுகளிலும் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியும் இதே ஜாதிதான்.

மாரீன் ஜான்சனின் 'தி பாக்ஸ் இன் தி வுட்ஸ்' (2021) டீன் ஏஜ் வாசகர்களுக்கான நாவல். 1978-ல் மாசசூசெட்ஸ் முகாம் ஒன்றில் வேலை பார்த்த நான்கு பேர், கஞ்சாவுக்காகக் காட்டுக்குள் போய்க் கொல்லப்படுகிறார்கள். ஃபார்முலாப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் செத்தவர்களில் ஒருத்தி சப்ரினா, ஊரே மெச்சிய படிப்பாளி. பல வருடம் கழித்து முகாமை வாங்கியவர் பாட்காஸ்ட் எடுக்கத் துடிக்கிறார். சப்ரினாவின் தங்கைக்கு வேண்டியது அக்காவின் டைரி மட்டும்.

'சின்னப் பசங்க புத்தகம்' என்று இளக்காரம் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். கொன்றது யார் என்பதுதான் கேள்வி. செத்தவர்கள் யோக்கியர்களா என்பது கேள்வியே இல்லை.