முதல் இயலில் மலைச்சரிவு, ஐந்தாம் இயலில் சமதளம்

கம்பியில்லா அட்ஹாக் வலையமைப்புகள், உணரி வலையமைப்புகள் ஆகியவற்றின் தகவல்தொடர்பு நெறிமுறைகள் குறித்து இந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் முனைவர்பட்ட ஆய்வேடுகளின் முதல் இயல் பெரும்பாலும் ஒரே விதமாகத் தொடங்குகிறது. வெள்ளமோ நிலச்சரிவோ நேரும்போது செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்துவிடும். அப்போது கோபுரமும் கம்பியும் இன்றி, அருகருகே உள்ள கருவிகளே செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிக் கொண்டுசேர்க்கும் வலையமைப்பு "பயன்படுத்தப்படலாம்". இந்த வினைமுற்று கவனிக்கத்தக்கது. யார் பயன்படுத்தினார், எங்கே, எப்போது என்னும் மூன்றையும் சொல்லாமல் விடுவதற்கு இதைவிட வசதியான வடிவம் ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள்மீது மலை சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்று குடியேறிய குடும்பத்தினர். கனமழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுக் கிடந்தன. வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். ஆய்வேடுகளின் முதல் இயல் விவரிக்கும் சூழல் ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் இதுவே. அதற்குள் இத்துறையில் இருபதாண்டு ஆய்வு குவிந்திருந்தது.

அந்த ஆய்வு எங்கே நடந்தது என்பதை ஐந்தாம் இயல் காட்டும். ஆயிரம் மீட்டர் நீளமும் ஆயிரம் மீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரம், அதில் 50 அல்லது 100 கணுக்கள், அனைத்தும் கணினிக்குள். மேடு இல்லை, மரம் இல்லை, மழை இல்லை. ஒவ்வொரு கணுவின் குரலும் துல்லியமான வட்டமாகப் பரவுகிறது. 2004-இல் டேவிட் காட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இத்தகைய எடுகோள்களைத் தொகுத்து, உண்மையான வானொலிக் கருவிகளைக் கொண்டு சோதித்தனர். உலகம் தட்டையானது, எல்லாக் கருவிகளின் வீச்சும் சமம், உன் குரல் எனக்குக் கேட்டால் என் குரல் உனக்குக் கேட்கும் என்பவை அவற்றுள் சில. சோதனையில் ஒன்றும் தேறவில்லை. மறு ஆண்டே வேறொரு குழு, மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வெளிவந்த 151 கட்டுரைகளை ஆராய்ந்தது. அவற்றுள் 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியிருந்தன. பிறர் மீண்டும் செய்து பார்க்கத்தக்க அளவுக்கு விவரம் தந்தவை 15 விழுக்காட்டுக்கும் குறைவு.

களத்தில் ஒரு கணுவின் பாடு வேறு. ஈர இலை அலையை விழுங்குகிறது. காலையில் கேட்ட அண்டைக்கணு மாலையில் கேட்பதில்லை. அனைத்தினும் வியப்பானது செவிமடுத்தலின் விலை. உணரிக் கணுக்களில் நெடுங்காலம் புழங்கிய சிசி2420 என்னும் வானொலிச் சில்லு, முழு வலிமையில் பேசும்போது 17.4 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது, கேட்கும்போது 18.8. யாரும் பேசாத வேளையில் யாரேனும் பேசுவார்களோ என்று காத்திருப்பதற்கும் இதே செலவுதான். மனித உரையாடலில் கேட்பவர் இளைப்பாறுகிறார் என்று கொள்வதுண்டு. இங்கே கேட்பவரே முதலில் சாகிறார். எனவே நல்ல நெறிமுறை என்பது எப்போது பேசுவது என்பதைவிட, எப்போது காதை மூடி உறங்குவது என்பதை முடிவுசெய்யும் கலை. 2002-இல் வந்த எஸ்-மேக் நெறிமுறையின் அடிப்படைக் கருத்து இதுவே. ஆனால், செய்தியை அனுப்புவதற்கும் பெறுவதற்கும் மட்டும் ஆற்றலைக் கணக்கிட்டு, வெறுமனே காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல், "வலையமைப்பின் ஆயுள் கூடியது" என்று முடிவுரைக்கும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

களத்தில் இறங்கியவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். அமிர்தா பல்கலைக்கழகக் குழு அதே மூணாறில், ஆன்டனியார் காலனிச் சரிவில் உணரிகளைப் புதைத்தது. மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறுவதை அவை அளக்க, கம்பியில்லாக் கணுக்கள் அதைக் கைமாற்ற, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அளவீடுகள் கொல்லம் மாவட்ட வளாகத்தை அடைந்தன. 2009 பருவமழையில் அங்கிருந்து எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஒரு சரிவில் பதித்த கருவி இன்னொரு சரிவைக் காக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டாம் சரிவுக்கும் மூன்றாம் சரிவுக்கும் போகவேண்டிய உழைப்பு, ஏ.ஓ.டி.வி. நெறிமுறைக்கு இன்னுமொரு "மேம்படுத்தப்பட்ட" வடிவம் காண்பதில் கரைந்தது. பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் இரயில் பாலங்களின் அதிர்வை அளக்க பிரைமான் அமைப்பை வடிவமைத்தவர்கள். பாலத்தின்மேல் வரும் இரயிலே கணுக்களை எழுப்பி, அளவீடுகளையும் ஏற்றிக்கொண்டு போகும் ஏற்பாடு அது. அந்த இருவரே 2008-இல், நெறிமுறை ஆய்வுகள் உண்மைப் பயன்பாடுகளின் தேவையிலிருந்து விலகிப்போய்விட்டன என்று வெளிப்படையாக எழுதினர். அந்த விமரிசனத்துக்குக் கிடைத்த மறுமொழி, மேலும் பல சிமுலேஷன் கட்டுரைகள்.

சிமுலேஷனே கூடாது என்பதல்ல வாதம். ஆயிரம் கணுக்களை மலையில் நட யாராலும் இயலாது. கருத்து ஒன்றை முதலில் கணினியில் உரசிப் பார்ப்பதே முறை. இணைப்புக் கல்லூரி ஒன்றில் உதவித்தொகையும் ஆய்வகமும் இன்றி, பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்பவரைக் குற்றம் சொல்வதும் நியாயமன்று. ஆய்வேட்டுக்கு முன் இதழ்க் கட்டுரை கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தது; 2022-இல்தான் அதைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் விரைவாகக் கட்டுரை தரும் கருவி எதுவோ அதைத்தான் மாணவர் எடுப்பார். 2011-க்குப் பின் புதிய பதிப்பே வராத என்.எஸ்.-2 மென்பொருளில் இன்னமும் ஆய்வேடுகள் எழுதப்படுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. குறை, அந்த வரைபடத்தைப் பார்த்துத் தலையசைக்கும் நெறியாளர்களிடமும் தேர்வாளர்களிடமும் இருக்கிறது.

இன்று நிலைமை எளிது. வானொலி வசதியுள்ள ஒரு சிறு சில்லுப்பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அலைவரிசைப் பட்டை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்திருக்கிறது. பத்துப் பலகைகளைக் கல்லூரி வளாகத்து மரங்களில் கட்டி, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் விட்டுவைத்து, எந்தக் கணு எந்த நாளில் எதனால் ஊமையானது என்பதைப் பதிவுசெய்யலாம். தோற்ற நெறிமுறையின் அளவீடுகளையும் நிரலையும் ஆய்வேட்டின் இணைப்பில் வைக்கத் தேர்வாளர் அனுமதிக்க வேண்டும். அந்த இணைப்பு இல்லாத ஆய்வேட்டின் முதல் இயலிலிருந்து நிலச்சரிவு பற்றிய பத்தியை நீக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.