வடிவத்தைக் காப்பதா, காரணத்தைக் காப்பதா?

மரபு பற்றிய வாதம் எழும்போதெல்லாம் தமிழ் மேடைகளில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. முன்னோர் வகுத்த வடிவத்தில் கை வைத்தலாகாது என்பது ஒன்று. பழையன யாவும் பயனற்றன, அவற்றைக் களைந்தெறிக என்பது மற்றொன்று. இரு சாராரும் வானூர்தியைச் சான்றுக்கு அழைப்பதுண்டு. "அறுபது ஆண்டுகளாக வானூர்தி ஒரே தோற்றத்தில்தானே பறக்கிறது? நல்ல வடிவத்திற்கு மாற்றம் எதற்கு?" என்பர் முதல் சாரார். "பழமையைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் மனிதன் வானில் பறந்திருப்பானா?" என்பர் மற்றவர். இரண்டும் அரைகுறை வாதங்களே. வானூர்தியின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர் இரண்டையும் ஒருங்கே மறுப்பர்.

கெடா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள செர்டாங்கில் வளரும் மாணவன் ஒருவன் பினாங்கின் பாயான் லெப்பாஸ் நிலையத்திற்குச் சென்றால், அங்கே போயிங் 737 வகை வானூர்தியைக் காணலாம். அவ்வகை முதன்முதலாகப் பறந்தது 1967ஆம் ஆண்டில். மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் அதனைச் சேவையில் ஈடுபடுத்தியது 1969ஆம் ஆண்டில். அம்மாணவனின் பாட்டனார் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதன் உடற்கூட்டின் அகலம் 3.76 மீட்டர். அந்த அளவோ அதற்கும் முன்பே, 1957இல் பறந்த போயிங் 707இலிருந்து வந்தது. இன்று புதிதாகக் கட்டப்படும் 737இலும் அதே அகலம். மூக்குப் பகுதியிலும் அதே சாயல்.

இவ்வொற்றுமை சோம்பலால் விளைந்ததன்று. உயரத்தில் பறக்கும் வானூர்தியின் உள்ளே காற்றழுத்தம் மிகுதி, வெளியே குறைவு. அவ்வழுத்தத்தைச் சீராகத் தாங்க வல்லது வளைந்த உருளை வடிவமே. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது எழும் காற்றுத் தடையைக் குறைப்பதற்காக இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்துள்ளன. இறக்கையின் கீழே தொங்கும் இயந்திரத்தைப் பழுது பார்ப்பது எளிது. அதன் எடை இறக்கை மேல்நோக்கி வளைவதையும் மட்டுப்படுத்துகிறது. காற்றின் இயல்பு மாறவில்லை. ஆகவே வடிவமும் மாறவில்லை. பால் வெட்டும் கத்தியின் வளைவைத் தோட்ட மக்கள் மாற்றாததற்கும் இத்தகைய காரணமே உண்டு. பட்டையைச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் மரத்தைக் காயப்படுத்தலாகாது. அந்தத் தேவை இருக்கும்வரை அந்த வளைவும் இருக்கும்.

சில காரணங்கள் பெருந்துயரின் விலைக்கு வாங்கப்பட்டவை. உலகின் முதல் தாரைப் பயணிகள் வானூர்தியான கோமெட் 1952இல் சேவைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கோமெட் வானூர்திகள் இத்தாலிக்கு அருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தன. ஆய்வாளர் ஒரு கோமெட்டின் உடற்கூட்டைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பன்முறை சோதித்தனர். திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து, உலோகம் சோர்ந்து, வெடிப்பு தோன்றுவதைக் கண்டனர். 1960களில் மலேசிய வானிலும் பறந்த கோமெட் 4 திருத்தப்பட்ட உடலோடு வந்தது. இன்றைய வானூர்திச் சாளரத்தின் மூலைகள் வளைந்திருப்பது அழகிற்காக அன்று. அவ்வளைவில் மாண்டவர்களின் பாடம் எழுதப்பட்டிருக்கிறது.

இதுவரை கேட்ட பழமைவாதியர் மகிழக்கூடும். அம்மகிழ்ச்சி நீடிக்காது. 1987இல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ320ஐயும் 737ஐயும் ஓடுதளத்தில் அருகருகே நிறுத்தினால், பழக்கமில்லாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆயின் உள்ளே இருப்பது வேறு உலகம். விமானியின் கை அசைவு கணினிக்கு மின்குறிப்பாகச் சென்று, அதன் வழியே இறக்கைப் பகுதிகளை இயக்குகிறது. மேனி பழையது, நரம்பு புதியது. தோற்றத்தைக் கண்டு "மாற்றமே இல்லை" என்போர் கண்ணால் மட்டும் கண்டவர், கருத்தால் காணாதவர்.

காரணம் கழிந்த பின்னும் வடிவத்தை விடாப்பிடியாகக் காத்தால் என்ன நேரும் என்பதற்கும் 737ஏ சான்று. 1960களில் சிறிய நிலையங்களில் ஏணியும் கருவியும் இன்றிப் பெட்டிகளை ஏற்றுவதற்கு ஏதுவாக, அது தரைக்கு நெருக்கமாக அமைக்கப்பட்டது. அக்கால இயந்திரம் ஒல்லியானது; அதன் குறுக்களவு ஏறத்தாழ 1 மீட்டர். 737 மேக்ஸ் வகைக்குப் பொருத்தப்பட்ட இயந்திர விசிறியின் குறுக்களவோ ஏறத்தாழ 1.75 மீட்டர். தாழ்ந்த உடலின் கீழ் அதற்குப் போதிய இடமில்லை. எனவே இயந்திரத்தை முன்னே தள்ளி, மேலே உயர்த்தினர். அதனால் சில நிலைகளில் மூக்கு மேலெழ முற்பட்டது. அதனை அடக்க ஒரு தானியங்கு முறையைச் சேர்த்தனர். பழைய 737ஐ ஓட்டிய விமானிக்கு நெடிய புதுப் பயிற்சி வேண்டியதில்லை என்று காட்டுவதே நோக்கம். ஆகவே அம்முறையைப் பற்றி விமானிகளுக்கு முறையாக அறிவிக்கவும் இல்லை.

அவ்வகை முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தது 2017ஆம் ஆண்டு மே மாதம், மலேசியாவின் மலிண்டோ ஏர் சேவையில். அடுத்த ஆண்டு அக்டோபரில் இந்தோனேசியாவில் ஒன்று வீழ்ந்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் எத்தியோப்பியாவில் மற்றொன்று வீழ்ந்தது. மாண்டோர் 346 பேர். ஒரே ஓர் உணரி தந்த பிழையான செய்தியை நம்பி, அம்முறை மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. முதல் விபத்தில் மாண்ட விமானிகளின் கையேட்டில் அதன் விளக்கமே இல்லை. வடிவத்தை ஒப்படைத்தவர் காரணத்தை ஒப்படைக்கவில்லை. மரபுக்கு இதனினும் பெரிய துரோகம் உண்டோ?

இக்கேள்வி வகுப்பறையையும் சாரும். வல்லெழுத்து மிகும் இடங்களை மாணவர் மனனம் செய்கின்றனர். ஏன் மிகுகிறது என்று எத்தனை வகுப்புகளில் கூறப்படுகிறது? "வேலை கொடு" எனின் தொழில் தருக என்பது பொருள். "வேலைக் கொடு" எனின் வேலாயுதத்தைத் தருக என்பது பொருள். அந்த ஒற்று சாளரத்தின் வளைந்த மூலையைப் போன்றது. அதனை நீக்கினால் பொருள் சிதறும். இதனை விளக்காமல் "விதி அப்படித்தான்" என்று கூறும் ஆசிரியரே, "ஒற்று எதற்கு?" என்று நாளை கேட்கும் தலைமுறையை உருவாக்குகிறார். ஒற்றை ஒழிக்க முனையும் புதுமைவாதியைக் காட்டிலும் அவரே தமிழுக்கு மிகுந்த தீங்கு செய்கிறார்.

மறுபுறம், 1978இல் தமிழக அரசு சில உயிர்மெய்களின் பழைய பின்னல் வடிவங்களை மாற்றியபோது தமிழ் அழியும் என்று அஞ்சியோர் இருந்தனர். பின்னர் மலேசியப் பாடநூல்களும் புதிய வடிவங்களையே ஏற்றன. தமிழ் அழிந்ததா? இல்லை. ஒலியும் பொருளும் அவ்வடிவத்தைச் சார்ந்திருக்கவில்லை. பழையன கழிவதையும் புதியன புகுவதையும் குற்றமாகக் கொள்ளாத நன்னூலைக் கற்பிப்போரே அம்மாற்றத்திற்கு அஞ்சியது விந்தை.

"சிறுவர் முதலில் மனனம் செய்யட்டும், காரணத்தைப் பின்னர் அறிவர்" என்று சிலர் கூறுவர். அந்தப் பின்னர் பலருக்கு வருவதே இல்லை. தொடக்கப் பள்ளியோடு தமிழ்க் கல்வியை நிறுத்திக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த ஆசிரியர், எந்த ஆண்டில் அக்காரணத்தைக் கூறப்போகிறார்? விதியை உரைக்கும் அதே நாளில், மாணவனுக்கு விளங்கும் அளவில் அதன் காரணத்தையும் உரைப்பதே ஆசிரியர் கடன். காரணம் உயிரோடிருந்தால் வடிவத்தைக் காக்க வேண்டும். காரணம் இறந்திருந்தால் வடிவத்தை மாற்றத் துணிய வேண்டும். எது உயிரோடிருக்கிறது, எது இறந்தது என்பதை அறியாதவர் மரபைக் காக்கவும் தகுதியற்றவர், மாற்றவும் தகுதியற்றவர்.