கடனைச் சொல்ல வேண்டியவர் யார்?

நோயுற்றவர் வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை அவர் கையில் ஒரு பில்லைத் தருகிறது. ஒரே இரத்தப் பரிசோதனைக்கு இருமுறை கட்டணம். திருப்பிக் கொடுத்த மருந்துக்கும் விலை. காலி செய்துவிட்ட அறைக்கு மறுநாள் வாடகை. இத்தகைய பிழைகள் நேர்வதுண்டு. பிழை மனித இயல்பு. அதைச் சுட்டிக்காட்ட நாதியற்று நிற்பதுதான் கொடுமை.

அருள்மறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடன் வாசகத்தைச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தவரிடம் விடவில்லை, பட்டவரிடமே ஒப்படைத்தது. அவர் பலவீனராகவோ, சொல்ல இயலாதவராகவோ இருப்பின், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டுமெனப் பணித்தது. மருத்துவமனையிலோ, பெற வேண்டியவரே கணக்கை எழுதுகிறார். கொடுக்க வேண்டியவர் கட்டிலில் கிடக்கிறார். அவருக்குப் பொறுப்பாளர் யார்?

வேலை கொடுத்தவருக்கு அப்பொறுப்பில் பெரும்பங்கு உண்டு என்கிறோம் நாம். குழுக் காப்பீட்டில் ஒப்பந்தம் முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே ஏற்படுகிறது. ஆண்டுதோறும் பிரீமியத்தைப் பேசி முடிப்பவர் அவர். தொழிலாளியிடம் இருப்பதோ ஓர் அட்டை. பத்துக் கடிதம் எழுதியும் தொழிலாளிக்குக் கிட்டாத பதில், முதலாளியின் ஒரு கடிதத்துக்குக் கிட்டும்.

“அது உனக்கும் மருத்துவமனைக்கும் உள்ள விவகாரம்” என்று கைகழுவுவோர் உளர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. பணிநிபந்தனையின்படி முதலாளி செலவை ஏற்றாலும், காப்பீட்டு நிறுவனம் ஏற்றாலும், அச்சிகிச்சை இலவசமாகாது. நோயாளி நுகர்வோரே என்று 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. “நோய் அந்தரங்கமாயிற்றே, தலையிடலாமா?” என்பாரும் உளர். தொழிலாளியின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். கேட்டறிய வேண்டியது கணக்கை மட்டுமே, நோயை அன்று.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே தொகை குறித்த பில்லைப் பெறும் உரிமையைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் கூறுகிறது. அதைப் பெற்று, வரிவரியாகச் சரிபார்த்து, மறுப்பை மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். காப்பீட்டு நிறுவனம் தொகையை மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி குழுக் காப்பீடும் அவர் வரம்புக்குள் அடங்கும். அம்மனுவைத் தொழிலாளியே தர வேண்டும். எழுத உதவுவதும் ஆவணங்களைத் திரட்டித் தருவதும் அலுவலகத்தின் கடமை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழில் நடத்தும் நம் செல்வர்களுக்கு ஒன்று சொல்வோம். ரமலானில் ஏழை நோயாளிக்கு நீங்கள் வாரி வழங்குவதை நாம் அறிவோம், போற்றுகிறோம். ஆயினும் தருமம் நீதிக்கு ஈடாகாது. தவறான கணக்கால் கடனாளியாக்கப்பட்டவனுக்குப் பின்னர் ஸதகா கொடுப்பதினும், அவன் கடனாளியாகாமல் காப்பது மேலானதன்றோ? உங்கள் பணப்பெட்டியைத் திறக்குமாறு நாம் கேட்கவில்லை. பேனாவைத் திறக்குமாறே கேட்கிறோம்.