நீங்கள் கேட்டவை: விதை உளுந்து ஏற்றிய காருக்கு இழப்பீடு கிடையாதா?

"கோவில்பட்டியில் இரண்டு மூட்டை விதை உளுந்து வாங்கி, எங்கள் காரில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் போன டிராக்டர் டிரெய்லர் திடீரென்று நிற்க, லேசாக இடித்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. பம்பர், ஹெட்லைட், பானெட் மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். விதைப்பு நேரம் என்பதால் மூன்று நாள் கழித்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொன்னோம். 'தாமதம், காரில் சரக்கு ஏற்றியது' என்று இரண்டு காரணம் எழுதி மறுத்துவிட்டார்கள். இனி வழி உண்டா?"
- வாசகர், இடைசெவல்.

வழி உண்டு. மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள தேதியிலிருந்துதான் கெடு கணக்காகும்.

முதலில் தாமதம். தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2011 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கம்பெனி ஆள் வந்து பார்த்தபோது கார் பழுது நீக்கப்படாமல் இடிபட்டபடியே நின்றிருந்தால், அதைக் கடிதத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்து மூட்டை. சொந்தக் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும், சரக்கு ஏற்றுவதும் விலக்கப்பட்டவை. சொந்த உடைமைகளுக்குத் தடையில்லை. சொந்த நிலத்துக்கு வாங்கிய விதை, வாடகை வாங்கவில்லை என்பதற்கு விதைக்கடை ரசீதும் சிட்டா நகலும் உதவும். ஒருவேளை நிபந்தனை மீறல் என்றே முடிவானாலும் முழுத் தொகையும் போய்விடாது. வாடகைக்கு விட்ட சொந்தக் கார் விபத்துக்குள்ளான வழக்கில், கோரிக்கையை அடியோடு மறுத்தது தவறு என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட மீறல்களில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்ற வழிகாட்டுதலை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

எப்படிப் பார்த்தாலும் 38,000 ரூபாய் அப்படியே வராது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். 12,000 ரூபாய் பம்பருக்கு 6,000 ரூபாய். பானெட் போன்ற இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் நம் பங்கு. 'தேய்மானக் கழிவு இல்லை' என்று கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் இந்தப் பாகக் கழிவுகள் வராது.

செய்ய வேண்டியவை:

1. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். பாலிசி, ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், போட்டோக்கள், பில் நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 155255 என்ற இலவச எண்ணில் ஆணையத்திடமும் புகார் பதியலாம்.

2. மனுவை மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆம்புட்ஸ்மன் பிறப்பிக்கும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

3. அதிலும் திருப்தி இல்லையென்றால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதற்குக் கெடு இரண்டு ஆண்டு. ஆனால், நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மனிடம் போக முடியாது. அதனால் வரிசை முக்கியம்.

பேச்சுவார்த்தையில் குறைந்த தொகை கொடுக்க முன்வந்தால், 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய கார் வாங்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆர்.சி.யில் பெயர் மாற்றினால் மட்டும் போதாது. 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் காரின் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது சிக்கலாகிவிடும்.